ஐந்து அறைப் பெட்டியில் பொது அறிவு: ஆறு ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

"ஆஸ்திரேலியாவின் தலைநகர் எது?" என்று எழுதிய அட்டை, பொது அறிவை நினைவில் பதிக்க நான் பயன்படுத்தும் ஐந்து அறைப் பெட்டியின் முதல் அறைக்கு, விடை தவறி ஏழு முறை திரும்பி வந்தது. கான்பெரா என்ற பெயர் எனக்குத் தெரியும். ஆனால் கேள்வியைப் பார்த்த கணத்தில் சிட்னிதான் முந்திக்கொண்டு வந்து நின்றது. எட்டாவது முறை அட்டையின் பின்புறத்தில் விடைக்குக் கீழே சில வரிகள் சேர்த்தேன். 1901-ல் ஆறு குடியேற்றங்கள் இணைந்து ஒரே நாடானபோது சிட்னிக்கும் மெல்போர்னுக்கும் இடையே கடும் போட்டி. தலைநகர் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்துக்குள் இருக்க வேண்டும், ஆனால் சிட்னியிலிருந்து குறைந்தது 100 மைல் தள்ளி இருக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 125-ஆம் பிரிவிலேயே எழுதி வைத்தார்கள். 1908-ல் இடம் முடிவானது. 1913-ல் பெயர் சூட்டினார்கள். அதுவரை மெல்போர்னில் கூடிய நாடாளுமன்றம் 1927-ல் கான்பெராவுக்கு வந்தது. இதை எழுதிய பிறகு அந்த அட்டை முதல் அறைக்குத் திரும்பவே இல்லை. பெட்டி முறை உண்மையில் பயன் தருகிறதா என்று யார் கேட்டாலும் நான் முதலில் எடுத்துக் காட்டுவது இந்த அட்டையைத்தான்.

முறையை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜெர்மன் மொழியில் எழுதிய செபாஸ்டியன் லைட்னர் 1972-ல் விளக்கியது இது. ஒரு பெட்டியில் ஐந்து அறைகள். புதிய அட்டை முதல் அறையில் நுழைகிறது. விடை சரியாக வந்தால் அடுத்த அறைக்கு முன்னேறும். தவறினால், எந்த அறையில் இருந்தாலும் மீண்டும் முதல் அறைக்கு வந்துவிடும். முதல் அறையை நான் தினமும் பார்க்கிறேன். இரண்டாவதை மூன்று நாளுக்கு ஒரு முறை, மூன்றாவதை வாரம் ஒரு முறை, நான்காவதை இரு வாரத்துக்கு ஒரு முறை, ஐந்தாவதை மாதம் ஒரு முறை. இதன் அடிப்படை இன்னும் பழையது. எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885-ல் வெளியிட்டார். மறதி முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் நடக்கிறது. அந்தச் சரிவுக்கு ஏற்ப இடைவெளியை நீட்டிக்கொண்டே போவதுதான் பெட்டியின் வேலை.

2019-ல் தொடங்கியபோது ஒரு வினாடி வினாத் தொகுப்பிலிருந்து சுமார் 600 கேள்விகளை அப்படியே பெயர்த்து எழுதினேன். ஒரு வரிக் கேள்வி, ஒரு சொல் விடை. முதல் மூன்று மாதம் அட்டைகள் மளமளவென்று ஐந்தாவது அறைக்குப் போயின. ஆனால் கேள்வியின் சொற்களைச் சற்று மாற்றிக் கேட்டால் விடை வரவில்லை. "கடலைத் தொட இரண்டு நாட்டு எல்லைகளைக் கடக்க வேண்டிய நாடுகள் எவை?" என்றால் லீக்டென்ஸ்டைன், உஸ்பெகிஸ்தான் என்று உடனே சொல்வேன். "உஸ்பெகிஸ்தானுக்கு அண்டை நாடுகள் எவை, அவற்றில் பெருங்கடற்கரை உள்ள நாடு உண்டா?" என்றால் திகைத்து நின்றேன். நான் மனப்பாடம் செய்திருந்தது நாட்டை அன்று, அட்டையின் முகத்தை. உலகப் படத்தை விரித்து அந்த ஐந்து அண்டை நாடுகளையும் விரலால் தொட்டுப் பார்த்த பிறகே செய்தி உள்ளே இறங்கியது.

அதிலிருந்து எனக்கு நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன்: "ஏன்" என்ற கேள்விக்கு விடை கிடைக்காத செய்திக்கு அட்டை கிடையாது. 600 அட்டைகளில் பாதிக்கு மேல் கழித்தேன். மிஞ்சியவற்றின் பின்புறம் நிறைந்தது. கான்பெரா அட்டைக்குப் பக்கத்தில் தென்னாப்பிரிக்கா அட்டை வந்து சேர்ந்தது: 1910-ல் நான்கு குடியேற்றங்கள் இணைந்தபோது நிர்வாகத்தைப் பிரிட்டோரியாவுக்கும் சட்டமன்றத்தைக் கேப் டவுனுக்கும் நீதித் துறையைப் புளூம்ஃபான்டைனுக்கும் பங்கிட்டார்கள். அடுத்து நைஜீரியா: ஒரு மூலையில், கடலோரத்தில் இருந்த லாகோசை விட்டு, நாட்டின் நடுவில், எந்தப் பெரிய இனக் குழுவுக்கும் சொந்தமில்லாத இடமாகப் பார்த்து அபுஜாவைக் கட்டி 1991-ல் மாறினார்கள். இந்த மூன்று அட்டைகளும் இப்போது ஒன்றையொன்று நினைவூட்டுகின்றன. ஒன்று மறந்தால் மற்ற இரண்டும் அதைக் கையைப் பிடித்துக் கூட்டி வருகின்றன.

அறிவியல் அட்டைகளிலும் இதுவே அனுபவம். சோடியத்துக்கு ஏன் Na என்ற குறியீடு என்பதைப் பள்ளியில் வெறுமனே உருப்போட்டேன். நேட்ரியம் என்ற லத்தீன் பெயரை அட்டையில் எழுதியதும் பொட்டாசியத்துக்குக் காலியம், இரும்புக்கு ஃபெர்ரம், ஈயத்துக்குப் பிளம்பம் என்று வரிசையாக வந்தன. பழைய ஈயக் குழாய்களை நினைத்தால் குழாய் வேலை செய்பவரைப் பிளம்பர் என்று அழைப்பதன் காரணமும் விளங்கிவிடுகிறது. எனக்கு மிகவும் பிடித்தது ஹீலியம் அட்டை. 1868 ஆகஸ்ட் 18 முழு சூரிய கிரகணத்தைக் குண்டூரிலிருந்து பிரெஞ்சு வானியலாளர் ஜான்சன், ஒளியை நிறங்களாகப் பிரித்துக் காட்டும் நிறமாலைக் கருவியால் ஆராய்ந்தார். அதே ஆண்டு இங்கிலாந்தில் லாக்யரும் சூரிய ஒளியில் எந்தத் தனிமத்தோடும் பொருந்தாத ஒரு மஞ்சள் கோட்டைக் கண்டார். சூரியனின் கிரேக்கப் பெயரால் அதை ஹீலியம் என்றார்கள். பூமியில் அதை வில்லியம் ராம்சே பிரித்தெடுக்க 1895 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வானத்தில் முதலில், பூமியில் பிறகு! இந்த அட்டையை எடுக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

பெட்டி எனக்குக் கொடுத்த மிகப் பெரிய பரிசு நாட்காட்டி பற்றியது. மூன்று அட்டைகள் ஒன்றோடொன்று முரண்பட்டதில் தொடங்கியது. "ஷேக்ஸ்பியரும் செர்வான்டிசும் ஒரே நாளில், 1616 ஏப்ரல் 23-ல் மறைந்தார்கள்" என்றது ஓர் அட்டை. "கலிலியோ இறந்த ஆண்டிலேயே நியூட்டன் பிறந்தார்" என்றது இன்னொன்று. "அக்டோபர் புரட்சி 1917 நவம்பர் 7-ல் நடந்தது" என்றது மூன்றாவது. அக்டோபர் புரட்சி எப்படி நவம்பரில் நடக்கும் என்று தேடப் போய், மற்ற இரண்டும் உடைந்து விழுந்தன.

ஜூலியஸ் சீசரின் நாட்காட்டி ஆண்டை 365.25 நாள் என்று கணக்கிட்டது. உண்மையான ஆண்டைவிட அது சுமார் 11 நிமிடம் அதிகம். நூற்றாண்டுகள் கடந்ததும் அந்த நிமிடங்கள் சேர்ந்து நாட்களாகிவிட்டன. 1582-ல் போப் கிரகோரி அதைத் திருத்தியபோது அக்டோபர் 4-க்கு மறுநாள் அக்டோபர் 15 ஆனது. ஸ்பெயின் உடனே ஏற்றது. இங்கிலாந்து 1752-ல்தான் மாறியது, ரஷ்யா 1918-ல். அதனால்தான் ரஷ்யாவின் பழைய கணக்கில் அக்டோபரில் நடந்த புரட்சி புதிய கணக்கில் நவம்பருக்கு வந்தது. ஆகவே ஷேக்ஸ்பியர் மறைந்த ஏப்ரல் 23 இங்கிலாந்தின் பழைய கணக்கு. ஸ்பெயினின் கணக்கில் அது மே 3. செர்வான்டிசும் 22-ஆம் தேதி இறந்து 23-ல் அடக்கம் செய்யப்பட்டார் என்பதே இப்போது பெரும்பாலும் ஏற்கப்படுகிறது. இருந்தும் யுனெஸ்கோ 1995-ல் ஏப்ரல் 23-ஐ உலகப் புத்தக நாளாக்கியபோது இந்த இருவரின் பெயரும் அந்தத் தேதியோடு நிலைத்துவிட்டது. நியூட்டன் பிறந்த 1642 டிசம்பர் 25-ம் பழைய கணக்குதான். புதிய கணக்கில் 1643 ஜனவரி 4. கலிலியோ மறைந்த 1642 ஜனவரி 8 புதிய கணக்கு. இரண்டையும் ஒரே அளவுகோலில் வைத்தால் ஆண்டு ஒன்றாக இல்லை. ஆண்டுக்கு 11 நிமிடப் பிழை, இத்தனை நூற்றாண்டுக்குப் பிறகும் வினாடி வினா மேடைகளில் தவறான விடையாக ஒலித்துக்கொண்டிருக்கிறது. இந்த ஒரு முரண்பாட்டுக்காக மட்டுமே பெட்டிக்குச் செலவிட்ட ஆறு ஆண்டும் தகும் என்று நினைக்கிறேன்.

கேள்வி சரியாகக் கேட்கப்படாததால் தகராறு தரும் அட்டைகளும் உண்டு. "உலகின் மிக உயரமான மலை எது?" கடல் மட்டத்திலிருந்து அளந்தால் எவரெஸ்ட். அடிவாரத்திலிருந்து உச்சி வரை அளந்தால் ஹவாயின் மவுனா கியா. கடலுக்கு மேலே 4,207 மீட்டர்தான் தெரிகிறது, கடலடித் தளத்திலிருந்து கணக்கிட்டால் 10,000 மீட்டருக்கு மேல். பூமியின் மையத்திலிருந்து அளந்தால் ஈக்வடாரின் சிம்போராசோ. பூமி நடுவில் பருத்திருப்பதால், 6,263 மீட்டர் உயரமே உள்ள அதன் உச்சி எவரெஸ்ட்டின் உச்சியைவிட மையத்திலிருந்து ஏறக்குறைய 2 கிலோமீட்டர் கூடுதல் தொலைவில் இருக்கிறது. இந்த அட்டையை மூன்றாகப் பிரித்தேன்.

இனி குறைகள். பெட்டி மறதியைத் தடுக்கிறது. தவறான செய்தியையும் அதே உறுதியோடு காப்பாற்றுகிறது. சீனப் பெருஞ்சுவர் நிலவிலிருந்து கண்ணுக்குத் தெரியும் என்ற அட்டை என்னிடம் நான்காவது அறை வரை போய்விட்டது. 2003-ல் விண்வெளி சென்ற சீனாவின் முதல் விண்வெளி வீரர் யாங் லிவெய், பூமியைச் சுற்றும் பாதையிலிருந்தே தமக்கு அது தெரியவில்லை என்று சொன்னதைப் பின்னர் படித்துத்தான் கிழித்தேன். சரியான அட்டைகளும் பழசாகின்றன. தொடங்கிய ஆண்டில் கஜகஸ்தானின் தலைநகர் நூர்-சுல்தான் என்று எழுதினேன். 2022-ல் அது மீண்டும் அஸ்தானா ஆகிவிட்டது. எவரெஸ்ட் 8,848 மீட்டர் என்றிருந்தது. 2020 டிசம்பரில் நேபாளமும் சீனாவும் சேர்ந்து 8,848.86 என்று அறிவித்தன. அதிக நிலவுகள் கொண்ட கோள் எது என்ற அட்டையின் கதை இன்னும் விசித்திரம். 2019-ல் சனி, 82. 2023 பிப்ரவரியில் வியாழன் 92-ஐ எட்டி முந்தியது. சில மாதங்களில் சனி 145-க்குத் தாவியது. 2025 மார்ச்சில் 274. அடித்து அடித்து எழுதியதில் அட்டையே நைந்துவிட்டது. இப்போது மாறக்கூடிய எண்களைப் பென்சிலால்தான் எழுதுகிறேன்; ஒவ்வொரு விடையின் மூலையிலும் எழுதிய மாதமும் ஆண்டும் இருக்கும்.

இடையில் எட்டு மாதம் கைப்பேசியில் ஆங்கி செயலியையும் பயன்படுத்தினேன். 2006 முதல் இருப்பது. இடைவெளியை அதுவே கணக்கிட்டுவிடுகிறது. கொடிகள், வரைபட எல்லைகள், இசைக் கருவிகளின் ஒலி போன்றவற்றுக்குக் காகித அட்டை அதன் பக்கத்தில்கூட நிற்க முடியாது. அவற்றை இன்றும் செயலியில்தான் வைத்திருக்கிறேன். மற்றவற்றுக்குக் காகிதத்துக்கே திரும்பினேன். பின்புறத்தில் இடம் குறைவு என்பதால், எந்தக் காரணத்தை எழுதுவது எதை விடுவது என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. அந்த யோசனையிலேயே பாதி நினைவில் பதிந்துவிடுகிறது. செயலியில் ஒட்டிய நீண்ட பத்திகளை நான் படித்ததே இல்லை.

பத்து நாள் விட்டால் நிலுவை மலைபோல் குவிந்துவிடும். அப்போது எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிக்க முயல வேண்டாம்; முதல் இரண்டு அறைகளை மட்டும் பார்த்துக்கொண்டு மற்றதை மெல்ல எடுத்தால் போதும். புதிய அட்டை நாளுக்கு மூன்றுக்கு மேல் சேர்ப்பதில்லை. அடுத்த மாதம் போட்டித் தேர்வு என்பவருக்கு இந்த வேகம் உதவாது.

இப்போது என்னிடம் 1,400 அட்டைகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று நான்கு ஆண்டாக முதல் அறையை விட்டு நகரவில்லை, நானாகவே நகர்த்தவில்லை: "உலகின் மிக நீளமான ஆறு எது?" பெரும்பாலான நூல்களில் நைல், சுமார் 6,650 கிலோமீட்டர். 2007-ல் பிரேசில் ஆய்வாளர்கள் அமேசானின் தொடக்கத்தை வேறோர் ஓடையில் வைத்து அளந்து 6,800 கிலோமீட்டர் என்றார்கள். எந்த ஓடையைத் தொடக்கமாகக் கொள்வது, அகன்ற கழிமுகத்தில் ஆறு எங்கே முடிகிறது என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது. நீரின் அளவில் மட்டும் சந்தேகமே இல்லை, அமேசான்தான். அட்டையின் பின்புறத்தில் இரண்டு பெயரும் இரண்டு எண்ணும் பென்சிலில் இருக்கின்றன.