இளைத்த உடம்பைக் காப்பது எது: எடை மெஷினா, அளவு ஜாக்கெட்டா, பால் கேனா?

காவேரிப்பட்டணத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை. 78 கிலோவிலிருந்து 64-க்கு இறங்க எனக்குப் பதினோரு மாதம் ஆனது. அந்த 64-ஐ இரண்டரை வருஷமாகப் பிடித்து வைத்திருக்கிறேன். இரண்டில் எது கஷ்டம் என்று கேட்டால் யோசிக்காமல் இரண்டாவதைச் சொல்வேன்.

எடை இறங்கும்போது தெருவே கூட இருக்கும். "என்னக்கா, ஆளே மாறிட்டீங்க" என்பார்கள். வாரத்துக்கு அரைக் கிலோ குறைவதே மனசுக்குச் சம்பளம் மாதிரி. நின்ற பிறகு எண் அசையாது, பாராட்டும் வராது. "முகமெல்லாம் வாடிப்போச்சே, சுகர் ஏதும் வந்துடுச்சா?" என்று கேட்பார்கள். பந்தியில் உட்கார்ந்தால், "அதான் இளைச்சிட்டியே, இன்னும் என்ன டயட்டு?" என்று அத்தை இன்னொரு கரண்டி வைப்பார். இதற்கு முன்னால் ஒரு தடவை ஒன்பது கிலோ குறைத்தேன். ஒரு வருஷத்துக்குள் பத்தாகத் திரும்பி வந்தது.

அப்போது எனக்கு மனசில் உறுதி இல்லை என்றுதான் நினைத்தேன். உடம்பின் கணக்கு வேறு என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். கொழுப்பு குறைந்தால் 'போதும்' என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் குறைகிறது, பசியைக் கிளப்பும் கிரெலின் கூடுகிறது. 2011-ல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், எடை குறைத்தவர்களை ஒரு வருஷம் கழித்துச் சோதித்தபோதும் இவை பழைய நிலைக்குத் திரும்பியிருக்கவில்லை. உடம்பு செலவழிக்கும் கலோரியும் முன்னைவிடக் குறைந்துவிடுகிறது. இவ்வளவுக்கும் நடுவில் ஊக்கம் தானாக ஊறும் என்று காத்திருந்தால் ஆகாது, வெளியிலிருந்து ஏதாவது ஒன்று பிடித்து நிறுத்த வேண்டும். அது எது என்று நான் மாற்றி மாற்றிப் பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

எடை மெஷின்

இதற்குச் சாட்சி பலமாக இருக்கிறது. 2006-ல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில், ஏற்கெனவே எடை குறைத்திருந்த 314 பேரை மூன்று குழுவாகப் பிரித்து 18 மாதம் கவனித்தார்கள். செய்திமடல் மட்டும் வந்த குழுவில் நூற்றுக்கு 72 பேருக்கு இரண்டேகால் கிலோவோ அதற்கு மேலோ திரும்ப ஏறிவிட்டது. தினமும் எடை பார்க்கப் பழக்கி, நேரில் கூட்டிப் பேசவும் வைத்த குழுவில் அது 46 பேர்தான்.

நான் பார்ப்பது காலையில், பாத்ரூம் போய்வந்து, தண்ணீர் குடிக்கும் முன், டைல்ஸ் சமமாக இருக்கும் ஒரே இடத்தில். முந்தின ராத்திரி களியும் கருவாட்டுக் குழம்பும் என்றால் மறுநாள் ஒரு கிலோ கூடக் காட்டும். அது உப்பு பிடித்துவைத்த தண்ணீர், இரண்டு நாளில் இறங்கிவிடும். மாதவிலக்குக்கு முந்தின நாட்களிலும் அப்படித்தான். இது தெரியாமல் ஒரு நாள் எண்ணுக்குப் பயந்து பட்டினி கிடக்கிறவர்கள் மறுநாள் இரண்டு மடங்கு சாப்பிடுகிறார்கள். எனக்கு ஒரே கோடு, 66. வாரம் முழுக்க அதற்கு மேலேயே நின்றால் ராத்திரிக் களி உருண்டை பாதியாகும். கேழ்வரகு என்பதால் எடை போடாது என்று நம் பக்கம் ஒரு நம்பிக்கை இருக்கிறது. கலோரிக் கணக்கில் மாவுக்கு மாவு அரிசிக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

ஆனால் ஏறி நின்றால்தானே மெஷின் பேசும்? முதல் தடவை எடை திரும்பியபோது, ஒரு கல்யாண வாரம் முடிந்து அதில் ஏறப் பயந்து, "திங்கக்கிழமை பார்த்துக்கலாம்" என்று தள்ளினேன். ஐந்து மாதம் அது கட்டிலுக்கு அடியில் கிடந்தது. எனக்கு அது ரொம்பத் தேவைப்பட்டதே அந்த ஐந்து மாதம்தான். எண்ணைப் பார்த்தாலே நாள் முழுக்க மனசு கலங்குகிறவர்களுக்கு மெஷின் வேண்டவே வேண்டாம் என்பேன். அவர்களுக்கு அடுத்தது பரவாயில்லை.

அளவு ஜாக்கெட்

தொழில் பாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 64-ல் நின்ற மாதம், பருத்தித் துணியை இரண்டு முறை நனைத்துக் காயவைத்து, எனக்கே ஒரு அளவு ஜாக்கெட் தைத்தேன். நாளைக்கு உடம்பு போட்டால் பிரித்துவிடலாம் என்று பக்கத் தையலுக்குள் துணி விட்டுத்தான் தைப்போம். என்னுடையதில் தையல் பிரியாமல் நிற்கிற அளவுக்கு மட்டும் விட்டு, மிச்சத்தை வெட்டி எறிந்தேன். ஆயிரம் ஜாக்கெட் வெட்டிய கைதான், அன்றைக்குக் கொஞ்சம் நடுங்கியது.

மாதம் முதல் தேதி அதைப் போட்டுப் பார்ப்பேன். எனக்கு முதலில் இறுக்குவது கைச்சுற்று, அப்புறம் மேலிருந்து மூன்றாவது ஹூக். ஒரு நாள் உப்பைக் கண்டு அது பயமுறுத்தாது. கூடவே இடுப்புக்கு டேப். நம் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருக்கவேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள், டேப்பில் அது முப்பத்தொன்றரை அங்குலம். எனக்கு 33-ல் நிற்கிறது, இன்னும் இறக்கப் பார்க்கிறேன்.

குறை என்னவென்றால் ஜாக்கெட் சொல்வதற்குள் மூன்று கிலோ ஏறியிருக்கும். வீட்டில் நைட்டி, வெளியே இழுத்தால் நீள்கிற துணி என்று இருப்பவர்களுக்கு அதுகூடத் தெரியவராது.

பால் கேன்

எங்கள் தெருப் பெரியம்மா இரண்டு கறவை மாடு வைத்திருக்கிறார். விடியற்காலை ஐந்தேகாலுக்குப் பால் சொசைட்டிக்குக் கிளம்புவார். மூட்டு வலிக்காரர். ஒருநாள் கேனை நான் வாங்கிக்கொண்டு கூட நடந்தேன். "நாளைக்கும் வர்றியாம்மா?" என்று கேட்டார். அன்றிலிருந்து வாசலில் கேன் மூடி சத்தம் கேட்கும், மார்கழிப் பனியிலும் கேட்கும். போர்வைக்குள் கிடந்து யோசிக்க நேரமே இருக்காது. சொசைட்டியில் டிகிரி பார்த்துப் பாலை ஊற்றியதும் அவர் திண்ணையில் உட்கார்ந்துவிடுவார். நான் ஆற்றுப் பாலம் வரை போய்வந்து அவரை வீட்டில் கொண்டுவந்து விட 45 நிமிடம் நடை ஆகிவிடும்.

என் எடை எவ்வளவு என்று பெரியம்மாவுக்குத் தெரியாது, ஒரு நாளும் கேட்டதில்லை. அதுதான் இதில் பெரிய விஷயம். நான் இளைத்தாலும் பெருத்தாலும் பால் போக வேண்டும். ஒரு தடவை சோம்பலில், "இன்னிக்கு முடியல பெரியம்மா" என்றேன். "சரிம்மா, நீ படு" என்று அவரே கேனைத் தூக்கிக்கொண்டு காலை இழுத்து இழுத்துப் போனதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அதற்கப்புறம் காய்ச்சல் வந்தால் தவிர நான் நின்றதில்லை.

என் மாமியாரின் பிரஷர் மாத்திரையும் இப்படித்தான். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ல் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. அதில் வரும் பெண் வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்து, மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார். அதற்கு முன்னால் மாத்திரை டப்பாவிலேயே கிடக்கும். ஆள் வந்து கேட்பதால் இப்போது உள்ளே போகிறது. மேலே சொன்ன அமெரிக்க ஆய்விலும், அதே பாடத்தை இணையம் வழியாக நடத்திய குழுவில் நூற்றுக்கு 55 பேருக்கு எடை திரும்பியது. நேரில் கூடியவர்களில் 46 என்பதை இதோடு வைத்துப் பாருங்கள்.

ஜிம் சந்தாவும் கட்டிப் பார்த்தேன். கட்டிய பணம் இரண்டு மாதம் இழுத்தது, அப்புறம் பணம் போனதே மறந்துவிட்டது. வாட்ஸ்அப் குரூப்பில் குறைகிற எண்ணுக்குத்தான் கைதட்டு. "இந்த வாரமும் அதே 64" என்று போட்டால் ஒருவரும் பதில் சொல்வதில்லை.

ஒன்றே ஒன்றுதான் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் பால் கேனை எடுப்பேன். ஆனால் தனியாக விட்டால் அதுவும் ஏமாற்றும். போன மாம்பழ சீசனில் ஒருநாள் விடாமல் நடந்தும் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினேன். என் எடைக்கு அந்த 45 நிமிட நடை ஏறக்குறைய 170 கலோரிதான். சதை மட்டும் 300 கிராம் தேறுகிற ஒரு பங்கனப்பள்ளிப் பழத்தில் 180 இருக்கிறது. மதியம் ஒன்று, ராத்திரி செந்தூரா ஒன்று என்று போனால் நடையால் ஈடுகட்ட முடியுமா? அந்த ஜூனில் 66-ஐத் தாண்டியதை மெஷின்தான் காட்டிக்கொடுத்தது. ராத்திரிப் பழத்தை நிறுத்தி இறக்க ஏழு வாரம் ஆனது.

போன வாரம் ஒரு அக்கா பன்னிரண்டு கிலோ குறைத்துவிட்டு, எட்டு ஜாக்கெட்டைப் பக்கம் பிடிக்கக் கொண்டுவந்தார். "உள்ள இருக்கிற துணிய வெட்டிடவாக்கா?" என்று கேட்டேன். "ஐயோ வேணாம், இருக்கட்டும்" என்றார். ஏழில் அப்படியே விட்டேன், ஒன்றில் மட்டும் சம்மதம் வாங்கி வெட்டினேன். காலையில் யாரோடு நடக்கிறீர்கள் என்று கேட்டதற்குத் தனியாகத்தான் என்றார். அவர் வீடு சொசைட்டிக்குப் போகிற வழிதான். நாளையிலிருந்து ஐந்து இருபதுக்கு அவர் வாசலிலும் கேன் மூடியைத் தட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன்.