கல்சட்டி: அடுப்பை அணைத்த பின்னும் கொதிக்கும் குழம்பு

வத்தக்குழம்பும் கீரை மசியலும் வாரம் தவறாமல் சமைக்கப்படும் வீட்டுக்கு, மாக்கல்லில் கடைந்த கல்சட்டி வாங்கத் தகுந்ததா என்று கேட்பவர்களிடம் தகுந்தது என்றே சொல்வேன். ஆனால் என் காரணம் விற்பவர்கள் அடுக்கும் காரணங்களில் ஒன்றல்ல. கல்லிலிருந்து மெக்னீசியமும் கால்சியமும் உணவில் இறங்குகின்றன என்று சொல்லித்தான் இப்போது பலர் விற்கிறார்கள். மாக்கல்லில் பெரும்பகுதி டால்க் எனப்படும் மெக்னீசியம் சிலிக்கேட். அது தண்ணீரிலோ புளிக்கரைசலிலோ கரைவதில்லை. புளிக்குழம்பை அதிலேயே இரவு முழுவதும் வைத்தாலும் களிம்பு வாடை வராமல் இருப்பதற்கு அதுதான் காரணம். கரையாத கல் சத்தை மட்டும் எப்படிக் கொடுக்கும் என்பதை விற்பவர்கள்தான் விளக்க வேண்டும்.

நான் பயன்படுத்துவது சேலத்தில் செய்யப்பட்ட, இரண்டு லிட்டர் பிடிக்கும் சட்டி. விலை 1,200 ரூபாய். புதுச்சட்டி வெளிறிய சாம்பல் நிறத்தில் இருக்கும், தடவினால் விரலில் மாவு ஒட்டும். அதை அப்படியே அடுப்பில் ஏற்றினால் விரிசல் விட்டுவிடும் என்பதால் பழக்கியாக வேண்டும். வெதுவெதுப்பான வடிகஞ்சியில் தொடங்கி, நாளுக்கு நாள் சூட்டைக் கூட்டி ஊற்றி ஆறவிட்டு, பிறகு விளக்கெண்ணெயில் மஞ்சள்தூளைக் குழைத்து உள்ளும் புறமும் பூசி ஊறவைத்து, கடைசியில் சிறு தீயில் கஞ்சியைக் கொதிக்கவிடுவது வழக்கம். ஒரு வாரத்துக்கு மேல் பிடிக்கும் இந்த வேலைக்கு அஞ்சுபவர்களுக்காகப் பழக்கிய சட்டி என்று கூடுதல் விலைக்கும் விற்கிறார்கள். எண்ணெயை மட்டும் பூசிக் கறுக்க வைத்ததா, உண்மையிலேயே பழக்கியதா என்பது பார்வைக்குத் தெரியாது என்பதால், கூடுதல் பணம் கொடுத்து வாங்கினாலும் கஞ்சி வேலையை ஒருமுறை நாமே செய்துவிடுவது நல்லது.

இந்தச் சட்டியின் அருமை தெரிவது அடுப்பை அணைத்த பிறகுதான். சூடேற நேரம் எடுத்துக்கொள்ளும் கல், ஏறிய சூட்டை எளிதில் விடுவதில்லை. எவர்சில்வர் பாத்திரத்தில் தீயை நிறுத்தியதும் அடங்கிவிடும் வத்தக்குழம்பு, இதில் மேடைக்கு இறக்கி வைத்த பின்னும் நெடுநேரம் ஓரங்களில் தளதளவென்று கொதித்துக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில்தான் புளியின் பச்சை வாடை முழுவதும் அடங்கி, சுண்டைக்காய் வற்றல் குழம்பை உறிஞ்சி, நல்லெண்ணெய் பிரிந்து சட்டியின் விளிம்பைச் சுற்றி ஒரு வளையமாக நிற்கும். ஆகவே வழக்கமான பதம் வரும்வரை காத்திருக்காமல், குழம்பு சற்று நீர்க்க இருக்கும்போதே அணைத்துவிட வேண்டும்; இல்லையென்றால் சாப்பிட உட்காரும் நேரத்தில் அது தொக்காகிவிடும். கீரைக்கும் இதே கணக்குதான். அரைக்கீரையை மூடாமல் வேகவைத்துப் பச்சை மாறுமுன் அணைத்துவிட்டு, சட்டியிலேயே மத்தால் கடைந்தால், மிக்சியில் அரைத்த கூழாக இல்லாமல் நாரும் சதையும் இழைந்த மசியலாக வரும்.

எனக்கு இதைவிடவும் பிடித்தது மறுநாள் சாப்பாடு. மீந்த குழம்பைச் சட்டியோடு விட்டு, காலையில் மிகச் சிறு தீயில் சுண்டவைத்துப் பழையதுக்குத் தொட்டுக்கொள்வது காவிரிக் கரை வீடுகளில் நெடுங்காலப் பழக்கம். விருந்துக்குச் செய்த குழம்பைவிட இந்தச் சுண்டிய குழம்புக்குத்தான் வீட்டில் போட்டி அதிகம். அலுமினியத்தில் புளியை இப்படி இரவு முழுவதும் வைக்க முடியாது. மண்சட்டியில் வைக்கலாம், விலையும் குறைவு. ஆனால் மண்ணின் வாசனை குழம்போடு கலந்துவிடும். மீன் குழம்புக்கு அந்த வாசனை அழகு சேர்க்கும், வத்தக்குழம்புக்கு எனக்கு அது வேண்டியதில்லை.

குறைகளும் சிறியவை அல்ல. இண்டக்‌ஷன் அடுப்பில் இது சூடாகாது. வெறும் சட்டியைத் தீயில் வைக்கக் கூடாது. எண்ணெயையோ தண்ணீரையோ ஊற்றிய பிறகே பற்றவைக்க வேண்டும். சூட்டோடு இருக்கும்போது பச்சைத் தண்ணீர் பட்டாலும், குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்து நேரே அடுப்பில் வைத்தாலும் கீறல் விழும். குழம்போடு தூக்க இரண்டு கைகளும் வேண்டும். அலுவலகம் கிளம்பும் அவசரத்தில் சமைப்பவருக்கு அந்த எடையும், மெதுவாகச் சூடேறும் குணமும் எரிச்சலூட்டும். பாத்திரம் தேய்க்கும் சோப்பைப் போடாமல் சீயக்காய்த் தூளோ கடலைமாவோ போட்டுத்தான் தேய்க்க வேண்டும். இதை வேலைக்கு வருபவரிடம் சொல்லிப் புரியவைப்பதைவிட நாமே கழுவிவிடுவது சுலபம்.

வாங்கும்போது விரல் முட்டியால் தட்டிப் பார்க்க வேண்டும். கணீரென்று கேட்காமல் மந்தமாக ஒலித்தால் உள்ளே விரிசல் இருக்கலாம் என்று ஒதுக்கிவிடலாம். இணையத்தில் வாங்குபவர்களுக்கு அந்த வசதி இல்லை, ஆகவே உடைந்து வந்தால் மாற்றித் தரும் கடையாகப் பார்த்து, பொட்டலத்தைப் பிரித்தவுடன் தண்ணீர் நிரப்பி ஒழுகுகிறதா என்று சோதிக்க வேண்டும். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு இரண்டு லிட்டர் அளவு சரியாக இருக்கும். ஒரு லிட்டர் சட்டி விலையில் மலிவுதான், ஆனால் அதில் மத்தைச் சுழற்ற இடமிராது, தயிர் உறைய வைக்கவும் மாவடு ஊறவைக்கவுமே அது பயன்படும்.