திறமூலத் தளத்துக்குத் தேடுபொறி: தமிழில் தட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்

கிளிநொச்சியில் நாலைந்து பேர் சேர்ந்து, கமக்கார அமைப்புகள் பாவிக்கக்கூடிய கணக்கு மென்பொருள் ஒன்றைத் திறமூலமாக, அதாவது நிரலை எல்லாருக்கும் திறந்து வைத்து, செய்து வருகிறோம். உதவிப் பக்கங்கள் முழுக்கத் தமிழ். ஹியூகோ என்ற தளம் கட்டும் கருவியில் கட்டி, கிட்ஹப் பேஜஸ் என்ற இடத்தில் காசில்லாமல் ஏற்றியிருக்கிறோம், எங்களுக்கென்று சேர்வர் இல்லை. பக்கங்கள் கூடியதும் தேடல் பெட்டி எங்கே என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். கேட்பவர்கள் அமைப்புகளின் செயலாளர்களும் பொருளாளர்களும். அவர்கள் பார்ப்பது போனில், அதுவும் முத்தையன்கட்டுப் பக்கமோ மாங்குளம் தாண்டி உள்ளுக்கோ, சிக்னல் வந்து வந்து போகிற இடத்தில். ஆகவே நான் பார்த்தது இரண்டு விஷயம்தான்: டேட்டாவைத் தின்னக்கூடாது, தமிழ்ச் சொல்லைத் தட்டினால் கிடைக்க வேண்டும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பேஜ்பைண்ட் என்ற தேடுபொறி. குறை இருக்கிறது, கீழே வருகிறது.

சேர்வரில் ஓடும் எலாஸ்டிக்சேர்ச் என்ற தேடுபொறியைப் போடலாமே என்றார் ஒருவர். ஜாவாவில் ஓடுகிற பெரிய சாமான், மெமரியைக் கிகாபைட் கணக்கில் கேட்கும். எங்கள் அளவுக்கு அது இரணைமடுக் குளத்தின் வான்கதவைத் திறந்து வீட்டுத் தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற வேலை. அதோடு 2021இல் அதன் பாவனை அனுமதியைத் திறமூலம் அல்லாததாக மாற்றினார்கள், அமேசான் பிரித்தெடுத்து ஓப்பன்சேர்ச் என்று தனியாக நடத்தத் தொடங்கியது, 2024இல் ஏஜிபிஎல் என்ற திறமூல அனுமதியையும் சேர்த்துத் திரும்பி வந்தார்கள். மெய்லிசேர்ச்சும் டைப்சென்ஸும் அதைவிட எவ்வளவோ இலகு, எழுத்துப் பிழையோடு தட்டினாலும் பிடித்துத் தருவார்கள். ஆனால் சேர்வர் ஒன்று இரவு பகலாக ஓட வேண்டும், மாதாமாதம் டொலரில் யார் கட்டுவது? ஏற்கெனவே போஸ்ட்கிரஸ் என்ற தரவுத்தளம் ஓடுகிற சேர்வர் உங்களிடம் இருந்தால் வேறெதுவும் தேடாதீர்கள், 12ஆம் பதிப்பிலிருந்து சொல்லின் கடைசியில் ஒட்டும் தமிழ் விகுதிகளை வெட்டி அடிச்சொல்லைப் பார்க்கும் வசதி அதிலேயே இருக்கிறது.

அல்கோலியாவின் டாக்சேர்ச் நல்ல சேவை. ரியாக்ட் என்ற நிரல் நூலகத்தின் ஆவணத் தளத்தில் இருக்கும் தேடல் அதுதான். திறமூல ஆவணங்களுக்கு இலவசம், விண்ணப்பித்தால் அவர்களே தளத்தைச் சுற்றிப் படித்து, எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று அட்டவணை போட்டுத் தருவார்கள். ஆனால் சும்மா விட்டால் வாரத்துக்கு ஒருமுறைதான் படிக்கும், நேற்று எழுதிய பக்கம் இன்று கிடைக்காது. வாசகர் தட்டும் ஒவ்வொரு எழுத்தும் அவர்களுடைய சேர்வருக்குப் போய் வரும். வேகமான இணைப்பு உள்ளவருக்கு அது தெரியாது, எங்கள் ஆட்களுக்குத் தெரியும். கூகுளின் இலவசப் பெட்டியோ விளம்பரம் காட்டுகிறது. உர மானியத்தைத் தேடுகிற மனிசனுக்கு உரக் கம்பெனி விளம்பரம் காட்ட நாங்கள் ஏன் மினக்கெட வேண்டும்?

லுனர் என்ற தேடுபொறிதான் எங்களைக் கொஞ்சம் சுற்ற வைத்தது. உலாவிக்குள்ளேயே ஓடும், சேர்வர் வேண்டாம். ஆங்கிலச் சொல்லைத் தட்டினால் டக்கென்று வருகிறது, 'வாய்க்கால்' என்று தட்டினால் ஒன்றுமே இல்லை. உள்ளே போய்ப் பார்த்தால், ஒவ்வொரு சொல்லின் இரு முனையிலும் குறிகளைச் சீவுகிற ஒரு சிறு பகுதி இருக்கிறது. ஆங்கில எழுத்து, இலக்கம், அடிக்கோடு தவிர மற்றதெல்லாம் அதற்குக் குறிதான். தமிழ்ச் சொல் முழுவதும் அதன் கண்ணுக்குக் குப்பை, சீவிச் சீவி வெறுமையாக்கிவிடுகிறது, பிழைச் செய்திகூட வராது. லுனரின் மொழித் தொகுப்பில் தமிழுக்கும் ஒரு பைல் இருக்கிறது, அதைச் சேர்த்தால் சரியாகிவிடும். தீராத பிரச்சினை வேறு: முதல் தேடலுக்கு முன்னரே முழு அட்டவணையும் போனுக்கு இறங்க வேண்டும். கணினி எழுத்தைச் சேமிக்கும் யூடிஎப்-8 முறையில் 'வாய்க்கால்' என்ற ஒரு சொல்லே 30 பைட். சுருக்கி அனுப்பினாலும் பக்கங்கள் கூடக் கூட இது ரீலோட் காசைத் தின்னும்.

பேஜ்பைண்ட் பிடித்தது இந்த இடத்தில்தான். கிளவுட்கேனன் நிறுவனம் 2022இல் வெளியிட்டது, ரஸ்ட் மொழியில் எழுதியது. தளத்தைக் கட்டி முடித்தபின் எச்டிஎம்எல் பைல்களைப் படித்து, அட்டவணையைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி வைத்துவிடும். தேடுகிற சொல்லுக்குரிய துண்டு மட்டும்தான் போனுக்கு இறங்கும். 10,000 பக்கத் தளத்திலும் ஒரு தேடலுக்கு எல்லாமாக 300 கிலோபைட்டுக்குள் அடங்கும் என்பது அவர்களுடைய கணக்கு, எங்கள் தளம் அதில் ஒரு மூலைக்கும் காணாது. போடும்போது பக்கத்தின் மொழிக் குறியீடு தமிழ் என்று இருக்கிறதா பாருங்கள். பல தீம்களில் ஆங்கிலம் என்றே கிடக்கும், அப்படி விட்டால் தமிழுக்கு ஆங்கில விதியைப் போட்டுப் பார்க்கும். அப்புறம், உள்ளடக்கம் எதுவென்று குறித்துக் கொடுங்கள், இல்லாவிட்டால் எல்லாப் பக்கத்திலும் திரும்பத் திரும்ப வருகிற ஓரச் சொல்லுக்கெல்லாம் ஒவ்வொரு பக்கமும் வந்து நிற்கக்கூடும்.

இனிக் குறை. ல, ள, ழ மாற்றித் தட்டினால் கைவிட்டுவிடும், இந்த விஷயத்தில் அல்கோலியாவுக்குக் கிட்டவும் வராது. விகுதி வெட்டுவது சில சொல்லில் சரி, சிலதில் சறுக்குகிறது. சேர்த்து எழுதிய சொல்லின் நடுவே பார்க்கவும் தெரியாது: பக்கத்தில் 'உரமானியம்' என்று இருந்தால் 'மானியம்' என்று தட்டுகிறவருக்கு அது அகப்படாது. இதற்காக ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'வேறு சொற்கள்' என்று ஒரு வரி வைத்து, பிரித்தும் சேர்த்தும் எழுதிவிடுகிறோம். காலபோகம் என்று தேடுகிறவரும் உண்டு, பெரும்போகம் என்று தேடுகிறவரும் உண்டு, ஒரே நெற்போகத்துக்குத்தான் இரண்டு பெயரும், இரண்டும் அந்த வரியில் இருக்கிறது. அந்தச் சொற்பட்டியலும் மென்பொருளோடு திறந்தேதான் கிடக்கிறது, உங்கள் பக்கத்துச் சொல் விடுபட்டிருந்தால் சேர்த்து அனுப்புங்கள்.