டிவிடி ரைட்டர்: கேபினெட்டுக்குள்ளா, யூஎஸ்பி வயரிலா?

கல்யாண வீடியோ, பிள்ளைகளின் ஆண்டுவிழா, பழைய போட்டோக்கள் என்று வீட்டில் ஒரு கட்டு டிவிடி கிடக்கும். புதிதாக வாங்கிய டெஸ்க்டாப்பில் அதைப் போட இடமே இருக்காது. இதற்கு வழி இரண்டு: கேபினெட்டுக்குள் பொருத்தும் பெரிய டிரைவ், அல்லது யூஎஸ்பியில் செருகும் மெல்லிய டிரைவ். கடையில் கேட்டால் பெரும்பாலும் மெல்லியதைத்தான் எடுத்துத் தருவார்கள். கட்டுக்கட்டாக டிஸ்க் வைத்திருப்பவர்களுக்கு நான் பெரியதைத்தான் சொல்வேன்.

முதலில் கேபினெட்டின் முகப்பைப் பாருங்கள். 5.25 அங்குல டிரைவுக்கான இடம் அங்கே இருக்க வேண்டும். கண்ணாடியும் ஃபேனுமாக வரும் இன்றைய கேபினெட்டுகள் பலவற்றில் அது கிடையாது. அப்படியானால் யூஎஸ்பிதான், வேறு பேச்சில்லை. இடம் இருந்தால், மதர்போர்டில் ஒரு சாட்டா போர்ட்டும் (டிரைவை இணைக்கும் இடம்), எஸ்எம்பிஎஸ்ஸில், அதாவது கம்ப்யூட்டருக்குக் கரண்ட் தரும் பெட்டியில், ஒரு சாட்டா பவர் வயரும் காலியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய டிரைவில் அகலமான 40 பின் சாக்கெட் இருந்தால் அது ஐடிஇ என்ற பழைய வகை. இப்போதைய போர்டுகளில் அதற்கு இடமில்லை.

பொருத்துவது பெரிய வேலை இல்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கேபினெட்டின் இரும்பை ஒருமுறை தொட்டுக்கொள்ளுங்கள். உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் இறங்கிவிடும். முகப்பு மூடியை எடுத்து, டிரைவை முன்பக்கமாகவே உள்ளே தள்ளி, பக்கவாட்டில் திருகுங்கள். டேட்டா வயர், பவர் வயர் இரண்டின் முனையும் 'எல்' வடிவில் இருப்பதால் தலைகீழாக நுழையாது. எல்லாம் செய்தும் விண்டோஸில் டிரைவ் தெரியவில்லையென்றால் சாட்டா வயரை வேறு போர்ட்டுக்கு மாற்றிப் பாருங்கள். மதர்போர்டிலேயே நேராகச் செருகும் எம்.2 எஸ்எஸ்டி (சேமிப்பு டிரைவ்) போட்டால் ஒன்றிரண்டு சாட்டா போர்ட்டுகளை நிறுத்திவிடும் போர்டுகள் உண்டு.

யூஎஸ்பி டிரைவில் இந்த வேலை எதுவும் இல்லை. செருகினால் போதும், லேப்டாப்புக்கும் ஆகும். அதன் சிக்கல் கரண்டில்தான். பெரிய டிரைவுக்கு எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து 12 வோல்ட், 5 வோல்ட் இரண்டும் கிடைக்கின்றன. மெல்லியது முழுக்க யூஎஸ்பியின் 5 வோல்ட்டை நம்பியிருக்கிறது. யூஎஸ்பி 2.0 போர்ட் தருவது 500 மில்லிஆம்பியர். டிஸ்க் சுழலத் தொடங்கும்போதும் ரைட் செய்யும்போதும் அது போதாமல் போகலாம். அதனால் முன்பக்க போர்ட்டையும் ஹப்பையும் தவிர்த்து, பின்பக்கம் மதர்போர்டிலேயே இருக்கும் போர்ட்டில் நேராகச் செருகுங்கள்.

வேகமும் மாறும். மெல்லியது டிவிடியை அதிகபட்சம் 8எக்ஸ், அதாவது விநாடிக்குச் சுமார் 11 எம்பி வேகத்தில் படிக்கும். பெரியது 16எக்ஸ். நாலைந்து டிஸ்க் என்றால் இது ஒரு பொருட்டே அல்ல.

நான் பெரியதைச் சொல்வதற்கு முக்கியக் காரணம் வேறு. வீட்டிலோ ஸ்டுடியோவிலோ ரைட் செய்த டிஸ்க்கில் தகவல் பதிந்திருப்பது ஒரு சாயப் படலத்தில். வருடம் ஆக ஆக அது மங்கும், படிப்பதில் பிழை கூடும். பெரிய டிரைவ் டிஸ்க்கை மேலிருந்து காந்தப் பிடியால் அழுத்திப் பிடிக்கிறது. மெல்லியதில் டிஸ்க்கை நடுக்குமிழில் நாமே அழுத்தி மாட்டுகிறோம். எடை குறைவு, அதிர்வு கூடுதல். மெல்லியதில் பாதியில் நின்றுபோன டிஸ்க் பெரியதில் கடைசிவரை ஓடியதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். திரும்ப எடுக்க முடியாத கல்யாண வீடியோவுக்கு அந்த வித்தியாசம் போதாதா?

பழைய சாட்டா டிரைவை யூஎஸ்பி அடாப்டரில் மாட்டிப் பார்க்கலாமே என்று சிலர் கேட்பார்கள். செய்யலாம். ஆனால் எஸ்எஸ்டிக்கென்று விற்கும் சின்ன அடாப்டரில் 12 வோல்ட் வராது, டிரைவ் சுழலாது. தனி பவர் அடாப்டரோடு வருவதை வாங்க வேண்டும்.

எதை வாங்கினாலும் விஎல்சி பிளேயரைப் போட்டுக்கொள்ளுங்கள். விண்டோஸ் 8 முதல் டிவிடி படம் ஓட்டும் வசதி கூடவே வருவதில்லை. அப்புறம், இருப்பதிலேயே பழைய டிஸ்க்கை முதலில் காப்பி எடுங்கள்.