இங்கிலாந்தில் வாடகை வீடு மாறுகிறவர்களுக்கு: பழைய கேஸ் பில் பாக்கி உங்களுக்குத் தெரியாமலே கோர்ட் தீர்ப்பாகலாம்

வீட்டுக்கடனுக்கு விண்ணப்பித்தபோது புரோக்கர் கேட்டார்: "சார், உங்க பேர்ல ஒரு சிசிஜே இருக்கே, தெரியுமா?" தெரியாது. கவுண்டி கோர்ட் தீர்ப்பு என்பதன் சுருக்கம்தான் சிசிஜே. ரெடிங் நகரில் முன்பு வாடகைக்கு இருந்த ஃபிளாட்டின் கேஸ் பில்லுக்காக, ஆயிரத்து எண்ணூறு பவுண்டுக்கு மேல் நான் கட்டவேண்டும் என்று தீர்ப்பாகியிருந்தது.

அந்த பில் மேல் எனக்குத் தகராறு இருந்தது உண்மை. இரண்டு படுக்கையறை ஃபிளாட், பகலெல்லாம் ஆள் இருக்காது. அப்படியிருந்தும் பில் தாறுமாறாக வந்தது. அதற்குக் காரணம் பில்லின் பின்பக்கத்துப் பொடி எழுத்தில் இருந்தது. இங்கே பழைய கேஸ் மீட்டர்கள் நூறு நூறு கன அடியாக அளக்கும், புதியவை கன மீட்டரில். பழைய மீட்டர் என்றால் ரீடிங்கை 2.83 ஆல் பெருக்கிக் கன மீட்டராக்குவார்கள். அதற்குப் பிறகுதான் மற்றக் கணக்கெல்லாம் போட்டு யூனிட் வரும். எங்கள் மீட்டரின் முகத்தில் 'எம்' எழுத்தும் அதன் தலையில் சின்ன 3-உம் பளிச்சென்று இருக்கின்றன, அதாவது கன மீட்டர். ஆனால் பில்லில் 2.83 பெருக்கியிருக்கிறார்கள். எரித்த கேஸுக்குக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு பணம்! வீட்டில் கேஸ் இருக்கிறவர்கள் இன்றைக்கே ஒருமுறை பில்லைத் திருப்பிப் பாருங்கள்.

மீட்டரைப் படம் எடுத்து கேஸ் நிறுவனத்துக்கு அனுப்பிப் புகார் கொடுத்தேன். 'பார்க்கிறோம்' என்றார்கள். எட்டு வாரத்தில் தீராவிட்டால் எனர்ஜி ஆம்புட்ஸ்மனிடம் (கேஸ், மின்சாரப் புகார்களைத் தீர்க்கும் தனி அமைப்பு) இலவசமாகப் போகலாம் என்பதை நிறுவனம்தான் எழுத்தில் சொல்லவேண்டும், சொல்லவில்லை. இதற்கிடையே ஸ்லவ் பக்கம் வீடு மாறினோம். கடைசி ரீடிங்கையும் புது முகவரியையும் மின்னஞ்சலில் அனுப்பினேன், 'கணக்கில் சேர்த்துவிட்டோம்' என்று பதிலும் வந்தது. அப்புறம் சத்தமே இல்லை. முடிந்தது என்றுதானே யாரும் நினைப்பார்கள்?

முடியவில்லை. விஷயம் வசூல் நிறுவனத்துக்குப் போயிருக்கிறது, அவர்களுடைய கடிதமெல்லாம் ரெடிங் வீட்டுக்கு. வழக்குப் படிவமும் அங்கேதான். அது வந்து சேர்ந்ததாகக் கணக்கிடும் நாளிலிருந்து 14 நாளில் பதில் போகாவிட்டால், எதிர்த்தரப்பு கேட்டதும் தீர்ப்பைப் பதிந்துவிடுவார்கள். இதில் விசாரணை கிடையாது. நார்தாம்ப்டனில் இருக்கும் கோர்ட் மையத்தில் அலுவலக வேலையாக நடந்து முடிகிறது, 2.83 பெருக்கியது சரியா என்று எந்த நீதிபதியும் பார்ப்பதில்லை. கோர்ட் தீர்ப்பு என்றதும் பயந்து பணத்தைக் கட்ட ஓடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இப்போது நான் எச்சரிக்க வந்த விஷயம். வசூல் நிறுவனத்துக்குப் போன் செய்தபோது, "முழுத் தொகையையும் கட்டிவிடுங்கள், பதிவு தானாகப் போய்விடும்" என்றார் அங்கே பேசியவர். சுத்தப் பொய். தீர்ப்புத் தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் முழுவதையும் கட்டினால்தான் கடன் கொடுப்பவர்கள் பார்க்கும் தீர்ப்புப் பதிவேட்டிலிருந்து நீங்கும். அதைத் தாண்டினால் 'கட்டியாகிவிட்டது' என்ற குறிப்பு மட்டும் சேரும், பதிவு ஆறு வருடம் அப்படியே இருக்கும். எனக்குத் தெரியவந்தபோதே அந்த மாதம் கடந்துவிட்டது. அவர் பேச்சை நம்பியிருந்தால் பணமும் போயிருக்கும், வீட்டுக்கடனும் போயிருக்கும். 'சிசிஜே நீக்கித் தருகிறோம்' என்று நூற்றுக்கணக்கில் பவுண்டு கேட்கும் ஆட்களும் இருக்கிறார்கள். அவர்கள் நிரப்பப் போவது நீங்களே நிரப்பக்கூடிய படிவம்தான். சிட்டிசன்ஸ் அட்வைஸ், நேஷனல் டெட்லைன் என்ற ஆலோசனை அமைப்புகளில் இலவசமாக வழி சொல்கிறார்கள்.

முதலில் நார்தாம்ப்டனுக்குப் போன் செய்து, வழக்குப் படிவம் எந்த முகவரிக்குப் போனது என்று கேட்டு நகல் வாங்கினேன். அப்புறம் என்244 படிவம். தீர்ப்பை ரத்துசெய்யக் கேட்பது இதில்தான். கட்டணம் முந்நூறு பவுண்டுக்கு மேல். வருமானம் குறைவென்றால் சலுகை கேட்கலாம். எதிர்த்தரப்பு எழுத்தில் சம்மதித்தால் கட்டணம் குறையும், அதனால் முதலில் அவர்களிடம் கேட்டுப் பார்க்கலாம். என் விஷயத்தில் சம்மதிக்கவில்லை.

'எனக்குக் கடிதமே வரவில்லை' என்று மட்டும் எழுதினால் பெரும்பாலும் போதாது. வழக்கில் ஜெயிக்க உண்மையான வாய்ப்பு இருக்கிறதா, தெரிந்ததும் தாமதிக்காமல் வந்தீர்களா, இந்த இரண்டையும்தான் பார்க்கிறார்கள். வாக்குமூலத்தோடு மீட்டர் படம், பில்லின் பின்பக்கம், புது முகவரியை ஏற்றுக்கொண்ட அந்த மின்னஞ்சல் மூன்றையும் இணைத்தேன். நாம் வீடு மாறிவிட்டோம் என்று நம்பக் காரணம் இருந்தால், வழக்குப் போடுகிறவர் புது முகவரியைக் கண்டுபிடிக்க நியாயமான முயற்சி எடுக்கவேண்டும் என்று சிவில் வழக்கு நடைமுறை விதி 6.9 சொல்கிறது. அவர்கள் கையிலேயே முகவரி இருந்ததே!

வழக்கு எங்கள் ஊர் பக்கத்து கோர்ட்டுக்கு மாறி வந்தது. விசாரணை பத்து நிமிடம்கூட ஆகவில்லை. நீதிபதி மீட்டர் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, எதிர்த்தரப்பு வக்கீலிடம் 2.83 எங்கிருந்து வந்தது என்று கேட்டார். அவரிடம் பதில் இல்லை. தீர்ப்பு ரத்தானது.

ஆனால் ரத்தானது தீர்ப்புதான், வழக்கு இல்லை. நீதிபதி கொடுத்த தேதிக்குள் எதிர்வாதம் தாக்கல் செய்யாவிட்டால் மறுபடி அதே தீர்ப்பு வரும். நான் தாக்கல் செய்த பிறகுதான் நிறுவனம் கணக்கைத் திருத்தியது. பாக்கி அறுநூற்றுச் சொச்சம் பவுண்டாக இறங்கியது, கட்டினேன், வழக்கை வாபஸ் வாங்கினார்கள். கோர்ட்டுக்குக் கட்டிய முந்நூற்றுச் சொச்சம் திரும்பி வரவில்லை.

இதெல்லாம் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும்தான், ஸ்காட்லாந்தில் முறை வேறு. இன்னொன்று: பழைய பாக்கி என்று திடீரென்று பில் வந்தால் தேதியைப் பாருங்கள். நிறுவனம் தன் தவறால் பில் போடாமல் விட்டிருந்தால், 12 மாதத்துக்கு முன்பு எரித்ததற்குப் பணம் கேட்கமுடியாது; கேஸ், மின்சார நிறுவனங்களைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான ஆஃப்ஜெமின் விதி 2018 முதல் அப்படி.

ரத்தான பிறகும் நம் கடன் வரலாற்றைத் தொகுக்கும் ஒரு கிரெடிட் நிறுவனத்தின் அறிக்கையில் மட்டும் சிசிஜே போகாமல் நின்றது. கோர்ட் முத்திரையோடு வந்த உத்தரவை ஸ்கேன் செய்து அனுப்பிய பிறகே நீக்கினார்கள். அந்தத் தாளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், புரோக்கரும் அதைத்தான் கேட்டார்.