எழுபதாயிரம் குடுத்து வாய மூட கத்துக்கிட்டேன்: லீடர்ஷிப் கோச்சிங் எப்படி இருந்துச்சு

தலைப்பு என் வீட்டம்மா சொன்னது. "கல்யாணம் ஆனதுல இருந்து நான் ஓசில சொல்லிட்டு இருக்கேன், அப்பல்லாம் காது கேக்கல, இப்ப காசு குடுத்து கேட்டுட்டு வந்திருக்கீங்க"ன்னாங்க. பதில் சொல்ல முடியல, ஏன்னா அதுதான் உண்மை.

எனக்கு கோயம்புத்தூர் கணபதி பக்கம் ஒரு மெஷினிங் யூனிட், பம்ப் கம்பெனிங்களுக்கு ஷாஃப்ட், இம்பெல்லர்னு ஜாப் ஒர்க் பண்றோம். அப்பா காலத்துல 12 பேர், இப்ப 40 பேர். ரெண்டு வருஷமா ரிஜெக்‌ஷன் (அளவு தப்பி கழிச்சுக்கட்டற பீஸ்) ஏறிக்கிட்டே இருந்துச்சு, நல்ல பசங்க சொல்லாம கொள்ளாம நின்னுடறாங்க, எது கேட்டாலும் "சரிங்க சார்"ங்கறதுக்கு மேல யாரும் வாய தொறக்கறதில்ல. ஒரு ஃப்ரெண்டு சொல்லித்தான் இந்த எக்ஸிகியூடிவ் கோச்சிங் (முதலாளி, மேனேஜருங்களுக்கு தனியா உக்காந்து நடத்தறது) போனேன். கோச் பேர் போடல, ஏன்னா கீழ கொஞ்சம் திட்டியும் இருக்கேன்.

மொதல்ல காசு. ஒரு செஷன் 7,500, மேல ஜிஎஸ்டி 18 பர்சென்ட், 8 செஷனுக்கு மொத்தம் 70,800 ஆச்சு. ஒரு செஷன் ஒன்றரை மணி நேரம், மூணு வாரத்துக்கு ஒரு தடவ, பாதி நேர்ல பாதி ஜூம்ல. முன்னாடி அரை மணி நேரம் ஃப்ரீயா பேசி பாக்கலாம், அதை விட்றாதீங்க. நம்ம ஊர்ல கோச்னு போர்டு மாட்ட லைசென்ஸ் எதுவும் வேண்டாம், நாளைக்கே நானும் மாட்டலாம். ஐசிஎஃப்னு 1995ல ஆரம்பிச்ச ஒரு சர்வதேச கோச்சிங் அமைப்பு இருக்கு, அவங்க குடுக்கற சர்டிபிகேட்ல மூணு லெவல்: ஏசிசிக்கு 100 மணி நேரம் கோச்சிங் பண்ணியிருக்கணும், பிசிசிக்கு 500, எம்சிசிக்கு 2,500. எங்க கோச் மேடம் பிசிசி. சர்டிபிகேட் இருந்தா நல்ல கோச்னு அர்த்தமில்ல, ஆனா வார கடைசில ரெண்டு நாள் கிளாஸ் போயிட்டு வந்தவங்கள வடிகட்ட உதவும்.

மொத செஷன்ல எனக்கு செம கடுப்பு. நான் என்னமோ நாலு ஐடியா குடுப்பாங்கன்னு நோட்டோட போயிருக்கேன், அந்தம்மா கேள்வியா கேக்கறாங்க, கேட்டுட்டு பேசாம இருக்காங்க, நான் சொல்லி முடிச்சப்பறமும் பேசாம இருக்காங்க, சரி இன்னும் ஏதோ எதிர்பாக்கறாங்க போலன்னு நானா மேல பேசறேன், அப்படி மேல பேசறதுலதான் விஷயமே வெளிய வருது. இதுக்கு க்ரோ (GROW)ன்னு ஒரு மாடல் இருக்காம், எங்க போகணும், இப்ப எங்க நிக்கறோம், என்னென்ன வழி இருக்கு, இதுல எதை செய்யப்போறன்னு நாலு படி. இதை பிரபலமாக்கின ஜான் விட்மோர் முன்னாடி ரேஸ் கார் டிரைவராம், 1965ல ஐரோப்பிய டூரிங் கார் சாம்பியன். செட்டிபாளையம் ரேஸ் ட்ராக் பக்கத்துல வளர்ந்தவனுக்கு அது மட்டும் மண்டைல நல்லா ஏறுச்சு.

ரெண்டாவது செஷனுக்கு முன்னாடி 360 டிகிரி ஃபீட்பேக்னு எங்க சூப்பர்வைசர் மூணு பேரு, ரெண்டு கஸ்டமர், என் மச்சான் எல்லாருக்கும் என்னைப் பத்தி கருத்து கேட்டு ஃபார்ம் அனுப்பினாங்க. பேர் எழுத வேண்டாம்னாங்க. மூணே சூப்பர்வைசர் இருக்கற கம்பெனில பேர் எழுதாட்டி கண்டுபிடிக்க முடியாதா? எல்லாரும் "சார் நல்லவர், உழைப்பாளி"ன்னு எழுதி குடுத்துட்டாங்க. பெரிய கம்பெனிக்கு சரி, நம்மள மாதிரி எடத்துக்கு அது வேஸ்ட். மேடமும் ஒத்துக்கிட்டு அவங்களே ஒவ்வொருத்தர்கிட்டயும் போன்ல பேசினாங்க. யார் சொன்னாங்கன்னு சொல்லாம ஒரே ஒரு வரி மட்டும் எனக்கு காட்டினாங்க: "நாம சொல்லி முடிக்கறதுக்குள்ள அவர்கிட்ட பதில் ரெடியா இருக்கும்."

எனக்கு அது பாராட்டு மாதிரிதான் பட்டுச்சு. வேகமா முடிவெடுக்கறவன்தானே முதலாளி?

அப்ப மேடம் ஒரு நாலு கட்டம் வரைஞ்சாங்க, ஜோஹரி ஜன்னல். 1955ல ஜோசப், ஹாரிங்டன்னு ரெண்டு சைக்காலஜிஸ்ட் போட்டது, ரெண்டு பேரு பேரையும் ஒட்டித்தான் அந்த பேராம். நமக்கும் ஊருக்கும் தெரிஞ்சது ஒரு கட்டம், நமக்கு மட்டும் தெரிஞ்சது ஒண்ணு, யாருக்குமே தெரியாதது ஒண்ணு, ஊருக்கே தெரிஞ்சு நமக்கு தெரியாதது ஒண்ணு. "அந்த வரி எந்த கட்டம்?"னு கேட்டாங்க. அப்பறம், "உங்க சீனியர் சூப்பர்வைசர் கடைசியா உங்ககிட்ட வந்து என்ன சொன்னாரு?"

"இன்சர்ட் மாத்தி போட்டு பாருங்கன்னு சொன்னேன்"னேன். (இன்சர்ட்னா மெஷின்ல உலோகத்த சீவற முனை.)

"அது நீங்க சொன்னது. அவரு என்ன சொன்னாரு?"

சத்தியமா ஞாபகம் வரல. 19 வருஷமா எங்ககிட்ட இருக்காரு, அப்பாவோட ஆளு, என்னை தம்பின்னு கூப்பிடற ஒரே ஆளு.

ஹோம்வொர்க் சின்னதுதான். பாக்கெட்ல ஒரு துண்டு நோட்டு, யாரையாவது பாதில வெட்டினா ஒரு கோடு போடணும். மொத நாள் 23 கோடு, அதுல நாலு வீட்ல. அடுத்த ரெண்டு வாரம், எதிர்ல இருக்கறவர் நிறுத்தினதும் மனசுக்குள்ள அஞ்சு வரைக்கும் எண்ணிட்டு பேசணும். ரெண்டாவது நாள் அந்த சூப்பர்வைசர் அண்ணன் பேசிட்டு நின்னாரு, நான் எண்ணிட்டு இருக்கேன், என் மூஞ்சிய பாத்துட்டு "என்ன தம்பி, உடம்புக்கு முடியலீங்களா?"ன்னுட்டாரு.

ஒரு வாரம் போயி ஒரு சாயங்காலம் டீ குடிச்சிட்டு நின்னப்ப இதே மாதிரி நான் பேசாம இருக்க, அவரா சொன்னாரு, "தம்பி, ஒரு வருஷமா மைக்ரோமீட்டர் கோடு எனக்கு சரியா தெரியறதில்ல." நாலஞ்சு தடவ சொல்ல வந்தாராம், ரிஜெக்‌ஷன்னு ஆரம்பிச்சதுமே நான் இன்சர்ட், கூலன்ட்னு லெக்சர் அடிச்சு அனுப்பிட்டேனாம். கண்ணுல புரை. ஆபரேஷன் முடிஞ்சிருச்சு, அளவ நம்பராவே காட்டற டிஜிட்டல் மைக்ரோமீட்டரும் வாங்கி போட்டோம். ரிஜெக்‌ஷன் பாதி கொறஞ்சிருக்கு. மீதி பாதிக்கு நெஜமாவே இன்சர்ட்தான் காரணம், அதுல நான் சொன்னது சரிதான், அதையும் எழுதிடறேன்!

இன்னொண்ணும் சொல்லணும். நாலாவது செஷன்ல அப்பா போனத பத்தி பேச்சு வந்து நான் உடைஞ்சிட்டேன், தூக்கம் இல்லாததையும் சொன்னேன். அவங்க தோண்டல. "இது கோச்சிங்ல பாக்கற விஷயமில்ல, கவுன்சிலர பாருங்க, வேணும்னா நம்பர் தரேன்"னு அங்கயே நிறுத்தினாங்க. அன்னிக்குத்தான் அவங்க மேல முழு நம்பிக்கை வந்துச்சு.

திட்டறதுக்கும் இருக்கு. பர்சனாலிட்டி டெஸ்ட்னு தனியா 6,000 வாங்கிட்டு கலர் கலரா 28 பக்க ரிப்போர்ட் குடுத்தாங்க, கிளி ஜோசியக்காரன் எடுத்து குடுக்கற சீட்டு இதைவிட தெளிவா இருக்கும். ரெண்டு செஷன் கடைசி நேரத்துல தேதி மாத்தினாங்க, நான் மாத்தினா மட்டும் 24 மணி நேரத்துக்கு முன்னாடி சொல்லணுமாம். தினம் காலைல அவங்க ஆபீஸ்ல இருந்து வாட்சப்ல சூரியன் படம் போட்ட பொன்மொழி வேற, மூணாவது நாளே மியூட்.

கடன், ஆர்டர் இல்ல, பார்ட்னர் சண்டைன்னு அவசரத்துல இருக்கறவங்க இங்க போகாதீங்க, அதுக்கு ஆடிட்டரையோ வக்கீலையோ பாருங்க. ஆளுங்க நம்மகிட்ட பேசறதே இல்லங்கறவங்க போகலாம். என் மார்க் அஞ்சுக்கு மூணரை. இன்னொரு 8 செஷன் போடுங்கன்னு கேட்டாங்க, மூணு மாசத்துக்கு ஒண்ணு போதும்னுட்டேன், அடுத்தது தை பொறந்தப்பறம். நேத்து கோடு ஒன்பது.