நியூ ஜெர்சியில் வேலைப் பாகுபாட்டு வழக்குக்கு வக்கீல் வைத்த அனுபவம்: மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு

கேஸ் முடிந்து, அதற்கான வரியும் கட்டியாகிவிட்டது. தெரிந்தவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "வக்கீலுக்குக் கொடுத்த காசுக்குப் பிரயோஜனம் இருந்ததா?" இருந்தது. கோர்ட்டில் எழுந்து நின்று வாதாட ஓர் ஆள் வேண்டும் என்றுதான் நான் தேடிப் போனேன். மூன்று வருஷத்தில் அவர் நீதிபதி முன்னால் பேசியதைக் கூட்டினால் ஒரு மதிய நேரம்கூட வராது. என் கதையில் சட்டத்துக்கு உதவுவது எது, வெறும் மனக்குறை எது என்று ஈவு இரக்கமில்லாமல் பிரித்துக் காட்டினார். பணம் கொடுத்தது அதற்குத்தான் என்று இப்போது படுகிறது.

என் கதை சுருக்கமாக. மென்பொருள் சோதனைக் குழுவில் லீட். கிளையன்ட்டோடு நேரடியாகப் பேசும் பதவிக்கு விண்ணப்பித்தேன். "உன் உச்சரிப்பு கிளையன்ட்டுக்கு ஒத்துவராது" என்று மேனேஜர் ஒரு மெயிலிலேயே எழுதினார். அதே கிளையன்ட்டோடு நான் பல வருஷமாக வாராந்தர கால் நடத்திக்கொண்டிருந்தேன் என்பது அவருக்கும் தெரியும். ஹெச்.ஆருக்கு எழுத்தில் புகார் கொடுத்தேன். சில வாரங்களில் பி.ஐ.பி. (வேலையில் குறை இருக்கிறது, கெடுவுக்குள் சரிசெய் என்று தரும் திட்டம்) வந்தது, அது முடிவதற்கு முன்பே வேலை போனது. அப்போது கம்பெனி வழியாகக் கிடைக்கும் எச்1பி வேலை விசாவில் இருந்தேன்.

ஒப்பந்தம் போடுவதற்கு முன் சில வக்கீல்களிடம் பேசினேன். இலவச ஆலோசனை என்று விளம்பரம் செய்யும் இடங்களில் பெரும்பாலும் வக்கீல் பேசுவதில்லை. உதவியாளர் ஒருவர் படிவத்தைப் பார்த்துக் கேள்வி கேட்பார். ஒருவர் என் காகிதம் ஒன்றைக்கூடப் பார்க்காமல் "இது பெரிய கேஸ், மில்லியனுக்குப் போகும்" என்றார். அந்த அழைப்பை மரியாதையாக முடித்துக்கொண்டேன். கடைசியில் நான் வைத்துக்கொண்டவர் முதல் ஆலோசனைக்கு ஒரு மணி நேரத்துக்கு 400 டாலர் வாங்கினார். அதற்கு முன்பே வேலை நியமனக் கடிதம், கம்பெனி கையேடு, மெயில்கள், தேதி வாரியாக நடந்தவை எல்லாம் அனுப்பச் சொன்னார். உட்கார்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "ஆர்பிட்ரேஷன் ஒப்பந்தம் எதிலாவது கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களா?" சேரும் நாளில் கம்ப்யூட்டரில் வரிசையாக 'ஒப்புக்கொள்கிறேன்' தட்டுகிறோமே, அதில் ஒன்றாக இது இருக்கும். இருந்தால் பெரும்பாலான வழக்குகள் ஜூரி முன்னால் போகாது. மூடிய அறையில் நடுவர் ஒருவர் தீர்ப்பார். பாலியல் தொல்லை வழக்குகளுக்கு மட்டும் 2022 முதல் ஃபெடரல் சட்டம் விலக்கு தந்திருக்கிறது. நல்லவேளை, என் காகிதங்களில் அது இல்லை.

அடுத்து அவர் செய்தது என் பட்டியலை வெட்டியது. எனக்கு 40 தாண்டியிருந்ததால் வயதுப் பாகுபாடும் சேர்க்கலாம் என்று நினைத்திருந்தேன்; அந்தப் பதவி கிடைத்தவருக்கும் என் வயதுதான் என்று கேட்டதும் அடித்துவிட்டார். மீட்டிங்கில் என்னை மட்டும் விட்டுப் பேசினார்கள், மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிடவில்லை என்பதெல்லாம் பின்னணியாக ஒரு பத்தியோடு முடிந்தது. மிஞ்சியவை இரண்டு: பிறந்த நாடு சார்ந்த பாகுபாடு, புகார் கொடுத்ததற்குப் பழிவாங்கல். இரண்டாவதுதான் பலமானது என்றார். பாகுபாடு நடந்தது என்று நிரூபிக்க முடியாமல் போனாலும், நல்லெண்ணத்தோடு புகார் கொடுத்ததற்காகத் தண்டித்தார்கள் என்று காட்டினால் அது தனியாக நிற்கும். வேலைப் பாகுபாட்டுப் புகார்களை விசாரிக்கும் ஃபெடரல் அமைப்பான ஈ.ஈ.ஓ.சி.க்குப் பல வருஷமாக மிக அதிகம் வரும் புகார் வகையும் இதுதான். நம் ஆட்களில் பலர் ஹெச்.ஆரிடம் வாய்மொழியாக மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடுகிறார்கள். எழுத்தில் கொடுங்கள், 'நியாயமில்லை', 'மரியாதை இல்லை' என்று நிறுத்தாமல் 'என் பிறந்த நாட்டின் காரணமாக' என்று காரணத்தைச் சொல்லி எழுதுங்கள். மேனேஜர் முசுடு என்று புகார் செய்வதற்குச் சட்டப் பாதுகாப்பு கிடையாது.

உச்சரிப்பு பற்றி ஒரு வார்த்தை. உச்சரிப்பைக் காரணம் காட்டுவதே சட்டவிரோதம் என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அந்த வேலையைச் செய்ய முடியாத அளவுக்குப் பேச்சு உண்மையிலேயே தடையாக இருந்தால் கம்பெனி அதைக் காரணமாகச் சொல்லலாம். எங்கள் வழக்கு முழுக்க இந்த ஒரு புள்ளியைச் சுற்றித்தான் ஓடியது.

எந்த வாசலில் நுழைவது என்பதில் அவர் தெளிவாக இருந்தார். 1964 சிவில் உரிமைச் சட்டத்தின் ஏழாம் பிரிவு 15 அல்லது அதற்கும் கூடுதலான ஊழியர் உள்ள இடங்களுக்குத்தான் பொருந்தும். அந்த வழியில் போனால் முதலில் ஈ.ஈ.ஓ.சி.யில் புகார் பதிய வேண்டும். பொதுவாக 180 நாள், நியூ ஜெர்சி போல மாநில அமைப்பும் உள்ள இடங்களில் 300 நாள் கெடு. அவர்கள் வழக்குத் தொடரும் உரிமைக் கடிதம் கொடுத்தால் 90 நாளுக்குள் கோர்ட்டுக்குப் போயாக வேண்டும். மன உளைச்சலுக்கும் தண்டனைக்குமான தொகைக்கு உச்சவரம்பும் உண்டு: சிறிய கம்பெனிக்கு 50,000 டாலர், 500 பேருக்கு மேல் இருந்தால் 3,00,000 டாலர். இழந்த சம்பளம் அதில் சேராது. நியூ ஜெர்சியின் சொந்தப் பாகுபாட்டுத் தடைச் சட்டம் 1945லிருந்தே இருக்கிறது. அதில் இந்த உச்சவரம்பு இல்லை, ஊழியர் எண்ணிக்கைக் கணக்கு இல்லை, முதலில் எங்கும் புகார் பதிய வேண்டிய கட்டாயமும் இல்லை. 2 வருஷத்துக்குள் நேராக சுப்பீரியர் கோர்ட்டுக்குப் போகலாம். நியூ பிரன்ஸ்விக்கில் மிடில்செக்ஸ் கவுண்டி கோர்ட்டில் வழக்குப் போட்டோம். வேறு மாநிலத்தில் இருப்பவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் மாநிலச் சட்டம் இவ்வளவு தாராளமாக இல்லாமல் இருக்கலாம். அங்கே ஈ.ஈ.ஓ.சி. கெடுவைத் தவறவிட்டால் பெரும்பாலும் கதை முடிந்தது.

விசா விஷயத்தில் இவர் கை வைக்கவே இல்லை. "நான் இமிக்ரேஷன் பார்ப்பதில்லை, உங்கள் கம்பெனியின் இமிக்ரேஷன் வக்கீலிடமும் இதைப் பேசாதீர்கள்" என்றார். கிரீன் கார்டு வேலையில் நம்மோடு அன்பாகப் பேசுகிறவர்தான் என்றாலும் அவருக்குச் சம்பளம் கொடுப்பது கம்பெனி. தனியாக ஓர் இமிக்ரேஷன் வக்கீலைப் பிடித்து, வேலை போன பிறகு கிடைக்கும் 60 நாள் அவகாசத்துக்குள் கணவரின் விசாவைச் சார்ந்து எச்4க்கு மாற விண்ணப்பித்தேன். கணவரின் ஐ-140 (கிரீன் கார்டுக்காக அவர் கம்பெனி போட்ட மனு) அங்கீகாரமாகியிருந்ததால் பிறகு ஈ.ஏ.டி. என்ற வேலை அனுமதி அட்டை கேட்க முடிந்தது. இடையில் வேலை அனுமதி இல்லாத மாதங்களுக்குச் சம்பள இழப்பு தர முடியாது என்று எதிர்த்தரப்பு கடைசிவரை பிடிவாதம் பிடித்தது. அந்த வாதத்தில் கொஞ்சம் நியாயமும் இருந்தது. வழக்குப் போட்டால் விசா போய்விடும் என்று பயந்து பலர் ஒதுங்குகிறார்கள். விசாவைப் பாதித்தது வேலை போனதுதான். வழக்கால் எனக்கு எந்தச் சிக்கலும் வரவில்லை.

வேலையை விட்டு அனுப்பும்போது சில வாரச் சம்பளம் தருவதாக ஒரு காகிதம் நீட்டினார்கள். வாங்கினால் எல்லா உரிமைகோரலையும் விட்டுக்கொடுத்ததாக அர்த்தம். 40 வயது கடந்தவர்களுக்கு வயதுப் பாகுபாட்டு உரிமையை விட்டுக்கொடுக்க யோசிப்பதற்கே 21 நாளும், கையெழுத்துப் போட்ட பிறகு திரும்பப் பெற 7 நாளும் தர வேண்டும் என்று ஃபெடரல் சட்டம் இருக்கிறது. "வெள்ளிக்கிழமைக்குள் முடிவு சொல்லுங்கள்" என்று ஹெச்.ஆர். அவசரப்படுத்தினால் அதற்காக ஓட வேண்டாம்.

கட்டண விஷயம்தான் எல்லாருக்கும் ஆர்வம். என்னுடையது கலப்பு முறை: முன்பணமாக ஒரு தொகை, பிறகு கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்கு, விசாரணை தொடங்கிவிட்டால் 40 சதவீதம். வென்றால் எதிர்த்தரப்பே வக்கீல் கட்டணம் தர வேண்டும் என்று சட்டம் சொல்வதால்தான் இப்படிப்பட்ட வழக்குகளைத் தனிமனிதர்களுக்காக எடுக்க வக்கீல்கள் முன்வருகிறார்கள். ஒப்பந்தத்தில் நான் மல்லுக்கட்டிய வரி ஒன்றுதான்: செலவுகளைக் கழித்துவிட்டுப் பங்கா, பங்கு போக மீதியில் செலவா? உதாரணத்துக்கு 90,000 டாலர் வருகிறது, செலவு 9,000 என்று வையுங்கள். செலவை முதலில் கழித்தால் வக்கீலுக்கு 27,000, நமக்கு 54,000. மொத்தத்தில் பங்கு எடுத்தால் வக்கீலுக்கு 30,000, நமக்கு 51,000. அவர் முகம் சுளிக்காமல் முதல் முறைக்கு மாற்றிக் கொடுத்தார். செலவு என்றால் சின்னதாக நினைக்காதீர்கள். டெபொசிஷனுக்கு (கோர்ட்டுக்கு வெளியே சத்தியம் செய்து சொல்லும் சாட்சியம்) ஸ்டெனோகிராபர், அந்தப் பக்கங்களின் நகல், இரு தரப்பையும் சமரசம் பேச வைக்கும் மீடியேட்டரின் கட்டணம் என்று அது பாட்டுக்கு ஏறும். என் வாட்ஸ்அப் குழுவில் மேனேஜரைப் பற்றித் தமிழில் எழுதியதையெல்லாம் எதிர்த்தரப்பு கேட்டது. அதற்குச் சான்றளித்த மொழிபெயர்ப்பு வேறு. வேலை போன இரவில் கோபத்தில் தோழிகளோடு பேசியதை ஒருவர் வரி வரியாக ஆங்கிலத்தில் டைப் அடித்து, ஒரு வரிக்கு இவ்வளவு என்று பில் போடுவதைப் பார்க்க வேண்டுமே!

மருத்துவப் பதிவுகள் பற்றி அவர் சொன்னதை யாரும் முன்னால் சொல்லியிருக்கவில்லை. மன உளைச்சலுக்குச் சிகிச்சை எடுத்தேன், பெரிய பாதிப்பு என்று சொல்லி இழப்பீடு கேட்டால், தெரபிஸ்ட்டிடம் பேசிய குறிப்புகளும் எதிர்த்தரப்பு கைக்குப் போகக்கூடும். சாதாரணமாக எவருக்கும் வரும் வேதனை என்ற அளவில் கேட்டால் அந்தக் கதவைப் பெரும்பாலும் மூடி வைக்கலாம். கிடைக்கும் தொகையும் குறையும். நான் குறைவான தொகையைத் தேர்ந்தெடுத்தேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

டெபொசிஷன் ஒரு முழு நாள். எதிர்த்தரப்பு வக்கீல் கேள்வி கேட்க, ஸ்டெனோகிராபர் ஒவ்வொரு சொல்லையும் பதிவு செய்வார். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று ஒரு கேள்வி வந்தது. பதற்றத்தில் ஆங்கிலம் தடுமாறினால் என்ன செய்வது என்று எனக்குப் பயம். ஒருவரை வைத்துக்கொண்டால் என்ன என்று வக்கீலிடம் கேட்டேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "உச்சரிப்பு புரியாது என்று சொல்லித்தான் பதவி தரவில்லை. நீங்களே மொழிபெயர்ப்பாளரோடு போய் உட்கார்ந்தால் அவர்களுக்கு வேறு சாட்சியே வேண்டாம்." ஆங்கிலத்திலேயே பேசினேன். ஸ்டெனோகிராபருக்குப் புரியவில்லை என்றால் நிறுத்தித் திரும்பச் சொல்லச் சொல்வார், அது அப்படியே பதிவிலும் ஏறும். நூற்றுக்கணக்கான பக்கங்கள் வந்தபோது வக்கீல் அந்த இடங்களை மட்டும் தேடினார். அரிதாகத்தான் இருந்தன. இரண்டு மாதம் கழித்து மேனேஜர் சாட்சி சொன்னார். அவரிடம் 'திரும்பச் சொல்லுங்கள்' என்று கேட்டது என்னிடம் கேட்டதைவிட அதிகம். வாய்க்குள்ளேயே முணுமுணுப்பது அவர் வழக்கம். மீடியேஷனில் இரண்டு பிரதிகளையும் என் வக்கீல் அருகருகே வைத்தார். அதற்குப் பிறகு 'கிளையன்ட்டுக்குப் புரியாது' என்ற வாதம் அறையில் எழவே இல்லை. இப்படி ஒரு யோசனை எனக்குத் தோன்றியிருக்கவே இருக்காது. கட்டணத்தில் பாதி இதற்கே தகும்.

குறை இல்லாமல் இல்லை. மெயிலுக்குப் பதில் வர ஒரு வாரம், சில சமயம் அதற்கும் மேல். மாதக்கணக்கில் ஒன்றும் நடக்காத காலங்கள் உண்டு. நடக்கவில்லை என்பதையாவது ஒரு வரி எழுதிச் சொல்லியிருக்கலாம். கடைசியில் உதவியாளரோடு பேசி, மாதம் ஒரு முறை நிலவரம் சொல்வதாக ஏற்பாடு செய்தேன். இதை ஆரம்பத்திலேயே ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். வேலை தேடியதற்கான பதிவைப் பராமரிக்கும்படி சொன்னதையும் அவர் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். எங்கெங்கே விண்ணப்பித்தோம், என்ன பதில் வந்தது என்று காட்டாவிட்டால் சும்மா இருந்தாய் என்று சம்பள இழப்பைக் குறைப்பார்கள். கம்பெனி ஆவணங்களைச் சொந்த ஜிமெயிலுக்கு மொத்தமாக அனுப்பக் கூடாது என்பதில் மட்டும் கறாராக இருந்தார். அதையே காரணமாக்கி நம்மேல் திரும்புவார்களாம்.

சாதி பற்றியும் பலர் கேட்கிறார்கள். அமெரிக்க ஃபெடரல் சட்டத்தில் அந்தச் சொல் இல்லை. சியாட்டில் நகரம் 2023ல் தடை கொண்டுவந்தது. அதே வருஷம் கலிபோர்னியாவில் சட்டமன்றம் நிறைவேற்றியதை ஆளுநர் தடுத்துவிட்டார். மற்ற இடங்களில் வம்சாவளி என்ற சொல்லுக்குள் கொண்டுவர வக்கீல்கள் முயல்கிறார்கள். அப்படி ஒரு வழக்கு என்றால் இதில் முன்பே கை வைத்தவரைத்தான் தேட வேண்டும். பொதுவாகத் தேட, ஊழியர் பக்கம் நிற்கும் வக்கீல்களின் சங்கமான என்.ஈ.எல்.ஏ.வின் உறுப்பினர் பட்டியல் நல்ல தொடக்கம்.

மீடியேஷனில் முடித்துக்கொண்டோம். பணம் இரண்டாகப் பிரிந்து வந்தது: சம்பளப் பகுதி டபிள்யூ-2 என்ற சம்பளப் படிவத்தில் வரிப்பிடித்தம் போக, மீதி வரி பிடிக்காத வருமானத்துக்கான 1099 படிவத்தில். உடல் காயம் இல்லாத மன உளைச்சல் தொகைக்கும் வரி உண்டு. வக்கீலுக்குப் போன பங்குகூட என் வருமானமாகவே காட்டப்பட்டது. 2004லிருந்து அதைக் கழித்துக்கொள்ளச் சட்டம் இருப்பதால் தப்பித்தேன். கணக்காளரிடம் இதை நானே ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது.

தொகையை மட்டும் வெளியே சொல்வதில்லை என்று ஒப்புக்கொண்டேன். நடந்ததைப் பேச எனக்குத் தடையில்லை. பாகுபாட்டு வழக்குகளின் விவரத்தை மறைக்கச் சொல்லும் ஒப்பந்த வரிகள் ஊழியர்மேல் செல்லாது என்று நியூ ஜெர்சி 2019ல் சட்டம் போட்டது. ஆனால் அதே சட்டத்தில் இன்னொரு வரியும் உண்டு. கம்பெனி யார் என்று அடையாளம் தெரியும் அளவுக்கு நாம் பேசிவிட்டால், கம்பெனியும் வாய் மூடியிருக்க வேண்டியதில்லை. என் பி.ஐ.பி. காகிதங்களை அவர்கள் ஊருக்குப் படித்துக் காட்ட நான் வழி செய்யப் போவதில்லை. தயவுசெய்து எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள்.